மேசையோடு கொண்டுவரச் சொன்ன ரஹ்மத் அக்கா

ஜாக்கெட் ஒன்றுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ரஹ்மத் அக்காவின் வீட்டுக்காரர் சாகுல் பாய். "தங்கச்சி, ரஹ்மத்து மௌத்தாயிட்டா," என்றார். ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்தேன்.

சேலை மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொரு போன். என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் வத்திராயிருப்புப் பெண். "எக்கா, லேப்டாப்பு ரிப்பேர் பாக்குமே நம்ம கோகிலாக்கா, அது தவறிருச்சாமே, கேள்விப்பட்டியளா?" என்றாள். அழுதுகொண்டிருந்த நான் அப்படியே சிரித்துவிட்டேன். அந்தக் கோகிலாவும் ரஹ்மத் அக்காதான்.

அக்காவைத் தெரிந்த உங்களுக்கு இது புரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு லேப்டாப்பைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்ததுமே, "இன்ன இடத்துலதான் கோளாறு. இல்லேன்னா எம் பேரை மாத்திக்கிடுதேன்," என்பார். ஊரில் எல்லாரும் சொல்கிற பேச்சுதான். ஆனால் சொன்னபடி பேரை மாற்றிக்கொண்டவர் எனக்குத் தெரிந்து அக்கா ஒருவர்தான். அவர் சொன்ன இடத்தில் கோளாறு இல்லாவிட்டால், லேப்டாப்பைக் கொண்டுவந்தவர் அவருக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். அது சரியாகிற வரைக்கும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். சரியான பிறகும் சிலர் அந்தப் பெயரை விடுவதில்லை. அதனால் வத்திராயிருப்பில் அவர் கோகிலா, வன்னியம்பட்டியில் தங்கக்கிளி. என் போனில் இன்றைக்கும் எலிசபெத்து என்றுதான் இருக்கிறது.

அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் பெண்கள் கூடி ஆளுக்கொரு பெயர் சொல்லி அழுதார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர் மிரண்டுபோய், சாகுல் பாயின் காதோரம் குனிந்து, "மச்சான், இந்தத் தெருவுல இன்னைக்கு எத்தனை மௌத்து?" என்று கேட்டார். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்த பாய் அப்போதுதான் வாய்விட்டு அழுதார். அழுகைக்கு நடுவே, "ஒண்ணுதான் மாப்பிள, ஒண்ணே ஒண்ணுதான்," என்றார்.

அந்தக் கடை முதலில் சாகுல் பாயின் டிவி ரிப்பேர் கடை. அவர் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது, ரிப்பேருக்கு வந்து கிடந்த டிவிகளை உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடையை மூடச் சொல்லி அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா திருப்பிக் கொடுக்கத்தான் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் சும்மா இருக்க முடியாமல் ஒன்றைத் திறந்து பார்த்தார். பிறகு இன்னொன்றை. பாய் ஊர் திரும்பியபோது கடை முழுக்க லேப்டாப்பாகக் கிடந்ததாம். "என் கடை எங்கட்டி?" என்று கேட்டிருக்கிறார். "இதுக்குள்ளதான் எங்கயாவது இருக்கும், தேடிக்கோங்க," என்றிருக்கிறார் அக்கா. அன்றிலிருந்து பாய்தான் கடையில் எடுபிடி. யாராவது அவரை முதலாளி என்று கூப்பிட்டால், "முதலாளி உள்ள இருக்கா. நான் டீ வாங்கப் போற ஆளு," என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

கடைத்தெருக்காரர்கள், அக்காவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டு லேப்டாப் கதைதான். அதைச் சொன்னாலே அக்காவைச் சொன்னது மாதிரிதான்.

நான் ராஜபாளையத்தில் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. என் மகள் ஷீலா நன்றாகப் படித்தவள். சென்னையில் ஒரு சின்னக் கம்பெனிக்கு வீட்டில் இருந்தபடியே கணக்கு வேலை பார்க்கிறாள். மருமகன் லாரியில் போகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அதனால் பிள்ளைப்பேறுக்கு வந்தவள் என்னுடனேயே தங்கிவிட்டாள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே மேசை. ஒரு பாதியில் நான் துணி வெட்டுவேன், மறுபாதியில் அவள் லேப்டாப்பை வைத்துக்கொள்வாள். காலை ஒன்பது மணிக்கு அவள் லேப்டாப்பைத் திறந்து கம்பெனிக்குள் நுழைந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு லீவு என்று எழுதிவிடுவார்கள்.

பாப்பா தவழ ஆரம்பித்த சமயம் அந்த லேப்டாப் சேட்டை பண்ணத் தொடங்கியது. பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும், உள்ளே காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். பிறகு எல்லாம் அடங்கிவிடும். சில நாள் ஒழுங்காக ஓடும். சில நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கறுத்துவிடும். ஷீலா அதன் முன்னால் உட்கார்ந்து அழுவாள். அவள் அழுவதைப் பார்த்துப் பாப்பாவும் அழும்.

யாரோ சொன்னார்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனோம். ரஹ்மத் அக்கா அதை வாங்கிப் பொத்தானை அமுக்கினார். உடனே திரை வெளிச்சமாகிவிட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இல்லக்கா, வீட்டுல சத்தியமா ஓடலை," என்றேன்.

"எதுக்கு சத்தியமெல்லாம் பண்ணுத? புள்ளைக ஆஸ்பத்திரிக்கு வந்தா காய்ச்சல் விட்டுரும்ல, அது மாதிரிதான்," என்றார். சார்ஜர் செருகும் இடத்தை ஆட்டிப் பார்த்தார். "இதுதான் லூசா இருக்கு. இது இல்லேன்னா எம் பேரை மாத்திக்கிடுதேன்." அதை மாற்றிக் கொடுத்தார். மறுநாள் காலையிலேயே வீட்டில் திரை கறுத்துவிட்டது.

திரும்பக் கொண்டுபோனோம். கடை வாசலில் கால் வைக்கும்போதே, "போச்சா? சரி, என்ன பேரு வைக்க?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாய்தான் விவரம் சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது எலிசபெத்து. எங்கள் மாதா கோயிலில் என் பக்கத்தில் உட்காருகிறவள் பெயர் அது. "எலிசபெத்து, நல்லாருக்கு. நல்லா கிரீடம் வச்ச மாதிரி இருக்கு," என்று அக்கா உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். அது அப்போதும் அவர் கையில் அமுக்கினதும் எரிந்தது. உள்ளே காற்றாடியில் பஞ்சு அடைத்துக் கிடந்தது. "உங்க ஊரு மில்லு பஞ்சு பூராவும் இதுக்குள்ளதான்டி இருக்கு. இதுதான்," என்று சுத்தம் பண்ணிக் கொடுத்தார். அதுவும் இல்லை.

அடுத்த தடவை அக்கா மேல் எனக்கே லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது. வேறு கடைக்குப் போகலாம் என்று ஷீலாவிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "அம்மா, வேற கடையில கொடுத்தா ஓடுது, கொண்டு போங்கன்னு அனுப்பிருவாங்க. இவங்க மட்டும்தான் நம்ம சொல்றதை நம்புறாங்க," என்றாள். அது உண்மை. எத்தனை தடவை அவர் கையில் அது ஒழுங்காக ஓடினாலும், வீட்டில் ஓடவில்லை என்று நாங்கள் சொன்னதை அக்கா ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

வீட்டுக் கரண்டில் கோளாறு இருக்கலாம் என்று சாகுல் பாயை டெஸ்டரும் கையுமாக ராஜபாளையத்துக்கு அனுப்பினார். பாய் வருகிறார் என்றதும் நான் வீட்டைப் பெருக்கித் துடைத்து, கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். அவர் வந்து ஸ்விட்ச் எல்லாம் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. லேப்டாப்பை அமுக்கினால் ஜோராக எரிகிறது. ஷீலா அன்று மாலை வரைக்கும் தடங்கல் இல்லாமல் வேலை பார்த்தாள். பாய் சாப்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் திரை கறுப்பு.

அன்றைக்குத்தான் கம்பெனி மேனேஜர் போனில் முடிவாகச் சொல்லிவிட்டார். வீட்டில் சரிப்படவில்லை என்றால் திங்கட்கிழமையிலிருந்து சென்னை ஆபீசுக்கு வந்துவிட வேண்டும், வர முடியாது என்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். புது லேப்டாப் வாங்க அப்போது எங்களுக்கு வழியில்லை. மருமகன் வருமானத்தில் பாதி லாரித் தவணைக்கே போகிறது. வேலையை விட்டால் வீடு நடக்காது. ஷீலா ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டுப் பாப்பாவுக்குப் பாட்டில் பழக்க ஆரம்பித்தாள். அது பாட்டிலைத் தட்டிவிட்டுவிட்டு அம்மாவின் மாரையே தேடும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கையில் பிள்ளையைக் கொடுப்பாள். அதைப் பார்க்க முடியாமல்தான் நான் அக்காவுக்குப் போன் போட்டேன். டிக்கெட் போட்ட விஷயத்தைச் சொன்னேன். அக்கா கேட்டார்.

"இவிய வந்த அன்னைக்கு ஓடுச்சுல்ல?"

"ஓடுச்சுக்கா. பாய் போன பொறவும் சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சு."

"இவிய வாரதுக்கு முன்னாடி நீ என்ன பண்ணுன?"

"என்ன பண்ணுவேன்? வீட்டைக் கூட்டுனேன். மேசையை ஒதுங்க வச்சேன்."

"எதுக்கு ஒதுங்க வச்ச?"

"விருந்தாளி வாராகள்லக்கா. அந்த மேசையிலதான சோறு போடணும்?"

"மறுநா காலையில?"

"தைக்கணும்ல. எல்லாத்தையும் எடுத்துப் பழையபடி வச்சேன்."

அந்தப் பக்கம் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஏட்டி புஷ்பம், நான் கோளாறு பாக்க ஆளு அனுப்புனா, நீ பொண்ணு பாக்க வாராகன்னு மேசைக்கு சோடிச்சு விட்டுருக்க. கோளாறையும் சேத்துத் துடைச்சு எடுத்து உள்ள வச்சிட்ட. என் கடைக்குக் கொண்டு வந்தப்பவும் அப்படித்தான. மெசினை மட்டும் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்தா எப்படித் தெரியும்? நாளைக்கு மேசையோட கொண்டு வா."

"மேசை பஸ்ஸுல ஏறாதேக்கா."

"மேசை மேல உள்ளதைக் கொண்டு வாட்டி. ஒண்ணையும் விடாத. எது எந்த இடத்துல கிடக்கும்னு பாத்து வச்சுக்கோ. துடைச்ச, கொன்னுருவேன்."

சனிக்கிழமை காலை ஷீலா மேசையைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டாள். நான் ஒரு பழைய போர்வையை விரித்து எல்லாவற்றையும் அதில் போட்டுக் கட்டினேன். பெரிய கத்திரி, சின்னக் கத்திரி, இஞ்சி டேப்பு, நூல் பெட்டி, குண்டூசி மெத்தை, பாதி தைத்த ஜாக்கெட்டுகள், சார்ஜர் செருகும் நீளப் பெட்டி, தண்ணீர்ப் பாட்டில், பாட்டுப் பாடும் பாப்பாவின் கிலுகிலுப்பை, அது கடித்துப்போட்ட ரஸ்க்குத் துண்டு. ரஸ்க்கை விட்டுவிடலாம் என்று ஷீலா சொன்னாள். எனக்குப் பயம், அதையும் போட்டேன். பஸ்ஸில் மூட்டையோடு ஏறியதும் கண்டக்டர், "என்னக்கா, வீடு மாத்துதீயளா?" என்றார். "இல்ல தம்பி, லேப்டாப்பு ரிப்பேருக்குப் போறோம்," என்றேன். அவர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஷீலா மடியில் இருந்த லேப்டாப்பையும் பார்த்தார். "பெரிய ரிப்பேரு போல," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடையில் அக்கா பெரிய பலகையைக் காலி பண்ணி வைத்திருந்தார். அவர் சாமான் எல்லாம் தரையில் இருந்தது. கான்சாபுரத்திலிருந்து வந்த ஒருவர் தன் லேப்டாப்போடு ஸ்டூலில் காத்திருந்தார். நாங்கள் மூட்டையை அவிழ்த்து, போட்டோவைப் பார்த்துப் பார்த்து, வீட்டு மேசையில் இருக்கிற மாதிரியே ஒவ்வொன்றாகப் பரப்பினோம். "அந்த ஜாக்கெட்டு இன்னும் கொஞ்சம் தொங்குமே," என்று பாய் ஞாபகப்படுத்தினார். "நீங்க வந்தப்பதான் துடைச்சு வச்சிருந்துச்சே, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அக்கா. "போட்டோவுல தொங்குதுல்ல," என்றார் பாய்.

எல்லாம் வைத்தாயிற்று. ஷீலா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். விளக்கு எரிந்தது. காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றியது. திரை கறுப்பு. அப்படியே அடங்கிப் போனது.

அந்தக் கடையில் அது ஓடாமல் போனது அதுதான் முதல் தடவை. அக்கா இரண்டு கையையும் தட்டினார். பாய் தட்டினார். எனக்கும் என்ன ஆனதோ, நானும் தட்டினேன். பாப்பா எங்களைப் பார்த்து அதுவும் தட்டியது. கான்சாபுரத்துக்காரர் திகைத்துப் போய், "ஓடலைன்னு நான் அழாத குறையா வந்து உக்காந்திருக்கேன். நீங்க ஓடலைன்னு கொட்டு அடிக்கீய," என்றார்.

"ஒளிஞ்சிருந்தவன் வெளிய வந்துட்டான்லா. இனி எங்க போவான்?" என்றார் அக்கா.

பிறகு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியதுதான். ஒன்றை எடுப்பது, பொத்தானை அமுக்குவது. அக்காவுக்குச் சார்ஜர் செருகுகிற நீளப் பெட்டி மேல்தான் கண். "இதுதான். இது இல்லேன்னா," என்று ஆரம்பித்ததும் பாய், "வேண்டாம்ட்டி, பேரு தீந்து போச்சு," என்றார். அதை மாற்றிப் பார்த்தும் கறுப்புதான். கிலுகிலுப்பையை எடுத்தார்கள், கறுப்பு. கத்திரிகளை எடுத்தார்கள், கறுப்பு. துணி, நூல் பெட்டி, தண்ணீர்ப் பாட்டில், ரஸ்க் எல்லாம் போயிற்று. ஷீலாவின் கை பாப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. பலகையில் மிஞ்சியிருந்தது லேப்டாப்பும், அதன் இடது கை ஓரத்தில் என் குண்டூசி மெத்தையும்தான். சிவப்பு வெல்வெட்டில் நானே தைத்தது. பஞ்சு மெத்தை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அக்கா அதை நகர்த்தக் கையை நீட்டினார். கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அது அவர் விரலை விட்டு நழுவிப் போய் மெத்தையில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அக்கா ஒட்டிக்கொண்ட ஸ்க்ரூ டிரைவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "புஷ்பம், இதுக்குள்ள என்ன வச்சுத் தச்சிருக்க?"

"காந்தம்க்கா," என்றேன். பாப்பா தவழ ஆரம்பித்த புதிதில் ஒருநாள் அதன் மூடிய கைக்குள் ஒரு குண்டூசி இருந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. ஊசி ஒன்றுகூடக் கீழே விழக்கூடாது என்று ஷீலா பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்து அந்தக் காந்தத்தை எடுத்துக் கொடுத்தாள். நான் அதைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு வைத்து வெல்வெட் போட்டுத் தைத்தேன். அதன் பிறகு ஒரு ஊசியும் தரைக்குப் போனதில்லை. தைக்கும்போது மெஷின் பக்கம் வைத்துக்கொள்வேன், வெட்டும்போது மேசையில் வைப்பேன்.

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து அவருக்கு மூச்சு வாங்கியது. மெத்தையைப் பாயிடம் கொடுத்துத் தெருவுக்கே அனுப்பிவிட்டு, "இப்ப அமுக்கு," என்றார். ஷீலா அமுக்கினாள். எரிந்தது.

லேப்டாப்பை மூடினால் அது தானாகத் தூங்கிவிடும் இல்லையா, அதற்கு மூடியில் ஒரு சின்னக் காந்தம் இருக்குமாம். காந்தம் பக்கத்தில் வந்தால் மூடியாயிற்று என்று அது எடுத்துக்கொள்ளும். "இந்த அப்பாவி, நீ மூடிட்டன்னு நெனச்சுத் தூங்கியிருக்கு. நீ அதைப் போட்டு அமுக்குன அமுக்கு இருக்கே," என்று அக்கா லேப்டாப்பைத் தடவிக் கொடுத்தார். ஷீலா, "பிள்ளைக்காகன்னு செஞ்சது, பெரியம்மா," என்றாள். அவளுக்கு அழுகை வந்தது. "அழாதட்டி. பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகலை, மெசினுக்கும் ஒண்ணும் ஆகலை. எல்லாரும் அவங்கவங்க வேலையை ஒழுங்காப் பாத்திருக்கீய. பக்கத்துல பக்கத்துல வச்சதுதான் தப்பு," என்றார்.

ஷீலா உடனே நம்பத் தயாராக இல்லை. அக்காவும் நம்ப விடவில்லை. பாயைக் கூப்பிட்டு மெத்தையைத் திரும்ப வைக்கச் சொன்னார். கறுத்தது. எடுத்தால் எரிந்தது. கான்சாபுரத்துக்காரர், "நானும் ஒரு தடவை வச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டு வாங்கி வைத்துப் பார்த்தார். தெருவில் போகிற இரண்டு பேரைக் கூப்பிட்டு வேறு காட்டினார். அதற்குப் பிறகுதான் ஷீலா அதே லேப்டாப்பில் தன் ரயில் டிக்கெட்டை ரத்து பண்ணினாள். பாப்பா பசித்து முனகியது. அக்கா உள்ளறைத் திரையை விலக்கி, "போ, உள்ள உக்காந்து குடு," என்றார். அவள் போனதும் என்னிடம், "பாட்டிலை எங்கயாவது வீசு," என்று மெதுவாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு நாங்கள் கடைக்காரர், வாடிக்கைக்காரர் என்ற அளவோடு நிற்கவில்லை. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் அங்கேதான் சாப்பாடு. ஒவ்வொரு லேப்டாப்பிலிருந்தும் கழற்றும் திருகாணிகளை அக்கா தனித்தனியாகப் பால்கோவா அட்டைப் பெட்டியில் போட்டு வைப்பார். ஒருநாள் சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்குப் பாய் பெருந்தன்மையாக ஒரு பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர்கள் ரயிலில் திறந்து பார்த்துப் போன் பண்ணினார்கள். அக்கா கொஞ்சமும் பதறாமல், "நீங்க பத்திரமா வச்சிருங்க, அது ஒரு வக்கீலோட லேப்டாப்பு. பார்ட்டு மெட்ராஸ்ல இருக்குன்னு சொல்லி அவரை நான் சமாளிச்சுக்கிடுதேன்," என்றார்.

ஒரு பெருநாளுக்கு நான் அக்காவுக்கு ஜாக்கெட் தைத்தேன். பச்சையில் நல்ல துணி. எத்தனையோ பேருக்குத் தைத்த கை, அவருக்கு மட்டும் ஜாக்கெட்டின் கையைச் சின்னதாக வெட்டிவிட்டது. போட்டுப் பார்த்துவிட்டு முழங்கைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றதைக் கண்ணாடியில் பார்த்தார். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. "சரி, பேரை மாத்து," என்றார். "என்ன பேருக்கா?" என்றேன். "ரஹ்மத்து. வேற என்ன இருக்கு என்கிட்ட?" என்றார். அந்த வாரம் முழுக்க எனக்குப் போன் போட்டு, "ரஹ்மத்து இருக்காளா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். அந்த ஜாக்கெட்டையும் விடவில்லை. கையை மடித்துவிட வேண்டாம், வேலை பார்க்க வசதியாக இருக்கிறது என்று கடைக்கு அதைத்தான் அடிக்கடி போட்டார்.

போன வருடத்திலிருந்து அவருக்குக் குனிந்து வேலை பார்த்தால் மூச்சு முட்டியது. மதுரையில் பெரிய டாக்டரிடம் போனார்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை. பரிசோதித்த டாக்டர், கவலைப்பட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அக்கா அடுத்த தடவை போகும்போது கடையில் அவர் உட்காரும் குட்டை முக்காலியைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். டாக்டர் அறையில் அதைப் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு லேப்டாப்பை வைத்துக் குனிந்துகொண்டாராம். "செத்த நேரம் பொறுங்க சார், இப்ப வந்துரும்," என்றாராம். வந்தது. எனக்குப் போனில் இதைச் சொல்லும்போது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "எனக்கு மூச்சு வாங்குது, நான் பாருங்க பாருங்கன்னு சிரிக்கேன், பாவம் அந்த டாக்டரு பயந்து போயிட்டாரு புஷ்பம்."

அப்படித்தான் இருதயத்தில் கோளாறு என்று தெரிந்தது. தெரிந்த பிறகு மருந்து, மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு. நான் ஒருநாள் பார்க்கப் போனபோது, "கண்டுபிடிச்சாச்சுல்லக்கா, இனி சரியாயிரும்," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்டுபிடிக்கிறது என் வேலை, பண்ணிட்டேன். சரியாக்குறது அவன் வேலை. அவனுக்கு எம்புட்டு மெசினு இருக்கோ, வரிசை எப்ப வருமோ," என்று மேலே காட்டினார். பிறகு பாய் காதில் விழாமல், "இவிய மட்டும் டீயைச் சூடா இருக்கும்போதே குடிக்க மாட்டாக, ஆறவிட்டுத்தான் குடிப்பாக. நான் இல்லைன்னா அந்த ஆறின டீயையும் மறந்துருவாக. நீ வரும்போது குடிக்கச் சொல்லு," என்றார். அதைத்தான் அவர் என்னிடம் ஒப்படைத்தது. வேறு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது போகும்போது சொல்லித்தான் வருகிறேன். பாயும் குடிக்கிறார்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். இப்போதெல்லாம் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் மேசையை ஒதுங்க வைப்பதில்லை. உதவி கேட்டுப் போகிற இடத்துக்கும் நல்ல சேலை கட்டிக்கொண்டு, எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு வருவதில்லை. மருமகன் லாரித் தவணையில் முழித்தபோதும், ஷீலாவும் அவரும் மனஸ்தாபப்பட்டபோதும், உள்ளதை உள்ளபடி விரித்து வைத்துத்தான் பேசினோம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். எல்லாம் சரியாயிற்று என்று சொல்ல மாட்டேன். எது எதனால் என்றாவது தெரிந்தது.

அக்கா விட்டுப்போனது இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் எழுதிக்கொண்டிருப்பது அதே மேசையின் என் பாதியில்தான். மறுபாதியில் ஷீலா வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாப்பா இப்போது வாயாடி. மேசைக்கு அடியில் உட்கார்ந்து, நான் வெட்டிப்போட்ட லேஸ் துண்டால் தன் பொம்மையை அம்மாவின் கணுக்காலில் கட்டிக்கொண்டிருக்கிறாள். காலை ஆட்டாதே என்று அதட்டல் வேறு. ஷீலா காலை ஆட்டாமல் வைத்துக்கொண்டு டைப் அடிக்கிறாள்.